மல்லிப் பாத்தியில் ஓடிய அருகு

கொன்னைக்காட்டுத் தோட்டம்,
திருச்செங்கோடு வழி.
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற என் கண்ணும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும், அதைத்தான் காலையில் விளக்குப் போடும்போது முதலில் கேட்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம்தான். இங்கே நாங்கள் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உடம்புக்கு என்று ஏன் பிரித்து எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும். என்ன அம்மா இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முகம் பார்த்துப் பேசத்தான் பேசுகிறோம், ஆனால் அந்தப் போன் மருமகள் மைதிலியுடையது, அவள்தான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காருகிறாள், எனக்கு ஒரு கையால் பிடித்தால் உன் முகத்துக்குப் பதில் என் மூக்குதான் தெரிகிறது. அப்பாவின் பட்டன் போனில் ஜெர்மனிக்குப் பேச வராது. மைதிலியைப் பற்றியே ஒரு விஷயத்தை மைதிலி பிடித்திருக்கிற போனில் எப்படிச் சொல்வேன். பக்கத்துத் தோட்டத்து மயிலம்மாள் பேத்தி யாழினி மேல்படிப்புக்கு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கே புறப்படுகிறாள் என்றதும் உன் அண்ணன் மகள் கிருத்திகாவின் பழைய நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து, தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள், ஆனால் எழுத்து இன்னும் கோணாமல்தான் வருகிறது பார். உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து நன்றாக ஒட்டித்தான் தருவேன். அது பிரிந்திருந்தால் மயிலம்மாள் படித்துவிட்டாள் என்று அர்த்தம்.

உன் அண்ணன் தமிழரசு போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போய் நாலு மாதம் ஆகிறது. தீபாவளிக்கு வருவேன் என்றான், வரவில்லை, அங்கே மழை நின்று இப்போதுதான் போர் போடுகிற வேலை ஓடுகிறதாம், பொங்கலுக்கு வருகிறேன் என்கிறான். உன் நங்கை மைதிலி வாங்கி வைத்த வேட்டி சட்டையை மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். கிருத்திகா ஏழாவது போகிறாள், பரீட்சையில் வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள், முதலாவதாக வந்தவள் டீச்சர் மகள், அதனால் நம் பிள்ளைதான் முதல் என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன், பால் ஊற்றப் போகிற இடத்தில் எல்லாம் அப்படித்தான் சொல்லியும் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, மழை ஈரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கிறது, தைலம் தேய்த்துவிட்டால் ஒரு பொழுதுக்குத் தாங்குகிறது. வாய் மட்டும் வலிக்கவே மாட்டேன் என்கிறது. நல்ல மழை சாமி இந்த வருடம், கிணற்றில் ஏழு படி முங்கிவிட்டது. மழை பெய்ததில் பயிருக்கு எவ்வளவு சந்தோஷமோ அதைவிட அந்தப் புல்லுக்குத்தான் சந்தோஷம். நான் எழுத வந்தது அந்தப் புல்லைப் பற்றித்தான்.

வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற அறைச் சுவரை ஒட்டி மைதிலி குண்டுமல்லிப் பாத்தி போட்டாளே, வீடியோவில் உனக்குக் காட்டினாள் அல்லவா, பன்னிரண்டு செடி. வருடத்தில் பத்து மாதம் புருஷன் வெளி மாநிலத்தில் இருக்கிறவள், அவளுக்கு என்று இந்தத் தோட்டத்தில் இருந்தது அந்தப் பாத்தி ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் சொல்லி நடக்கிறது, இல்லாவிட்டால் அப்பா சொல்லி நடக்கிறது. செம்மண் வேண்டும் என்று அயோத்தியாப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் அவள் பிறந்த வீட்டுக் காட்டிலிருந்து ஒரு டெம்போ மண் கொண்டுவந்து கொட்டி, தானே மண்வெட்டி பிடித்து, தானே நட்டாள். முதல் வருடம் அப்படிப் பூத்தது. இப்போது அந்தப் பாத்தியை நீ பார்த்தால் மல்லி எங்கே என்று தேடுவாய். பூராவும் அருகம்புல். மேலே பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கிறது, கீழே மண்ணைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாக கணுவுக்குக் கணு வேர், மல்லித் தூருக்குள்ளேயே பின்னிக்கொண்டு கிடக்கிறது, அதை இழுத்தால் இதுவும் சேர்ந்து வருகிறது.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. கையால் பிடுங்கினாள், பத்தாம் நாள் வந்தது. களைக்கொத்தால் கொத்தினாள், ஒரு கொடி அறுந்தால் அது மூன்றாக முளைத்தது. கரும்புச் சோகையை முழங்கால் உயரம் மூடினாள், அதைத் துளைத்துக்கொண்டு வந்தது. தக்காளிக்கு விரிக்கிற கறுப்புத் தாள் வாங்கி விரித்து நாலு பக்கமும் கல் வைத்தாள், செடிக்கு விட்ட ஓட்டையிலெல்லாம் மல்லியோடு சேர்ந்து அதுவும் தலையை நீட்டியது. கிருத்திகா போனில் பார்த்துவிட்டு உப்பையும் வினிகரையும் கலந்து ஊற்றினால் புல் சாகும் என்றாள், ஊற்றினார்கள், புல் இரண்டு நாள் மஞ்சளாக இருந்துவிட்டு எழுந்துகொண்டது, மல்லியில் ஒன்று செத்துப்போனது. அப்பா தன் பங்குக்கு ஒரு ஆட்டைக் கொண்டுபோய் அங்கே கட்டினார்கள். அது அருகை ஒரு வாய் கடித்துவிட்டு மல்லிக் கொழுந்தை மொட்டையடித்துவிட்டது. மைதிலி வந்து பார்த்தாள், அப்பா "ஏம்மா, அருகு திங்கற ஆடு மல்லியத் திங்காதுன்னு நெனச்சுட்டேன், அதுக்குச் சொல்லியும் வெச்சேன்" என்றார்கள். அன்றைக்கு அவள் சிரித்தாள். அவள் இந்த வீட்டில் சிரித்துப் பார்த்தது அதுதான் கடைசி. அந்தச் செடியும் தழைக்கவில்லை. இன்னொன்றைப் புல்லே மூடிவிட்டது. ஒன்பதுதான் மிச்சம்.

அவள் தம்பி அன்பரசு ஆட்டையாம்பட்டியில் உரக்கடையில் இருக்கிறான், உனக்குத் தெரியும். போன மாதம் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீ ஏன் இதோட மல்லுக்கட்டற, புல்லு மட்டும் சாகற மருந்து இருக்குது, மல்லிக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு தடவ அடிச்சா வேரோட போயிரும்" என்றான். மைதிலி முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. நான்தான் குறுக்கே விழுந்தேன். வீட்டுப் பக்கத்தில் மருந்து அடிக்கக் கூடாது, கோழி மேய்கிறது, பிள்ளையாருக்கு வைக்கிற புல்லின் மேல் விஷம் அடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். அவன் சும்மா இருப்பானா, "ஏனுங்க அத்தை, போன வருசம் கடலைக்காட்டுல இதே அருகுக்கு நீங்கதானுங்க என்கிட்ட மருந்து வாங்கியாரச் சொன்னீங்க, அந்த அருகு மட்டும் எந்தச் சாமிக்குங்க" என்று கேட்டான். பதில் இல்லாத இடத்தில் கோபம் வரும் அல்லவா, அது வந்தது. மயிலம்மாள் பால் வாங்க வந்து சொம்போடு நின்றுகொண்டிருந்தாள், அவள் எதிரிலேயே மைதிலியைப் பார்த்து, "இந்தத் தோட்டத்துல பின்பக்கம் ஒரு புல்லு இருந்ததில்ல, உன்ற பொறந்த ஊட்டு மண்ணு வந்துது, அதோட இந்தச் சனியனும் வந்துது" என்று சொல்லிவிட்டேன்.

அவள் தம்பியைப் பார்த்துப் போகச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள், வெந்நீர் வைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. காலையில் வாசல் தெளித்ததும் பாத்தியில் போய்க் குந்திக்கொண்டு ஒவ்வொரு கொடியாகப் பிடுங்குகிறாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, பூண்டு உரிக்கும்போது எரிகிறது என்று கிருத்திகாவை உரிக்கச் சொல்கிறாள். அது அவள் பிறந்த வீட்டு மண்ணோடு வரவில்லை என்பது அப்போது இந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது நான். இதைச் சொல்லாமல்தான் ஒரு வருடமாக நெஞ்சில் வைத்திருந்தேன், உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன், எழுதுகிறேன், நீ பொறுமையாகப் படி, படித்துவிட்டுப் பயப்படக் கூடாது.

உன் கல்யாணத்தில் பந்தலில் அருகுமணம் எடுத்தார்களே, நினைவிருக்கிறதா, சடங்கு நடத்திய அருமைக்காரர் பாலில் நனைத்த அருகம்புல்லால் உன் தலையையும் தோளையும் மடியையும் தொட்டு வாழ்த்த, அப்புறம் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள், நீ பால் கண்ணில் விழுந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கினாய், அழுகிறாள் என்று உன் அத்தைமார் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். எல்லாம் முடிந்ததும் அருமைக்காரர் மிச்சப் புல்லைச் சொம்போடு என் கையில் கொடுத்து, கால் படாமல் கிணற்றில் விட்டுவிடம்மா என்றார். அந்த வைகாசியில் கிணற்றில் தண்ணீர் ஏது, அடியில் இரண்டு முழம் கிடந்தது. இந்தப் புல்லைப் போட்டால் மோட்டார் புட்வால்வில் போய் அடைத்துக்கொள்ளும், விருந்தாளிகள் இருக்கிற வீட்டில் தண்ணீர் நின்றுபோனால் மானம் போகும் என்று நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். குளிக்கிற அறைச் சுவர் மூலையில் யாரும் கால் வைக்க மாட்டார்கள் என்று அங்கே கொண்டுபோய் வைத்து, சொம்பில் இருந்த பாலையும் அதன் மேலேயே ஊற்றிவிட்டு வந்தேன். வேரோடு பிடுங்கிய புல், தினமும் குளித்த தண்ணீர் பாய்கிற இடம், நாற்பது வருடம் காட்டில் களை எடுத்தவளுக்கு அது பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றவில்லை பார். அடுத்த வருடம் மைதிலி வந்து "அத்தை, இந்த எடத்துல மல்லி வெச்சா வருமுங்களா" என்று கேட்டபோதும் நினைவு வரவில்லை, பேஷாக வரும், நல்ல ஈரம் என்று நானே சொன்னேன்.

போன வருடம் புரட்டாசியில் முதல் தடவையாகப் புல் அதிகமாயிற்று. மைதிலியும் நானும் கிருத்திகாவும் சேர்ந்து நாலு நாள் உட்கார்ந்து ஒரு கணு இல்லாமல் தோண்டி எடுத்தோம். அந்த மூலையில் இருந்ததைத் தோண்டியது நான்தான், அங்கேதான் மெத்தை மாதிரி கனமாக இருந்தது. கூடை கூடையாக அள்ளி வெயிலில் காயவைத்து நெருப்பு வைத்தோம். பாத்தி செக்கச் செவேலென்று சுத்தமாகக் கிடந்தது, மைதிலி அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாள். அதற்கு அடுத்த நாள்தான் மாப்பிள்ளை போன் செய்தார்கள், மூன்றாவது மாதத்தில் கலைந்துவிட்டது என்று. போனை வைத்துவிட்டு எனக்கு அழ இடம் வேண்டும் என்று பின்பக்கம் போனேன். அந்த மூலையில் நின்றபோதுதான், சொம்பும் பாலும் உன் கல்யாணமும் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. உன் தலையைத் தொட்டு வாழ்த்திய புல்லை நான் என் கையால் தோண்டி நெருப்பில் போட்டிருக்கிறேன் பிரியா.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அம்மா, டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், நிறையப் பேருக்கு இப்படி ஆகிறது, யார் செய்ததாலும் ஆனது இல்லை என்று அப்போதே சொன்னாய், நானும் தலையாட்டினேன். காட்டில் எத்தனை அருகைத் தோண்டி வரப்பில் காயப் போட்டிருக்கிறேன், ஒரு நாளும் கை கூசியதில்லை. இந்தப் பயம் படிக்காத பயம் என்று எனக்கே தெரிகிறது, தெரிந்து என்ன செய்ய, தெரிகிறது தலையில் இருக்கிறது, பயம் வயிற்றில் இருக்கிறது. சாம்பல் கொட்டிய இடத்துப் பக்கத்தில் பதினைந்தாம் நாள் ஊசி ஊசியாகப் பச்சை வந்தபோது, மைதிலி ஐயோ என்றாள், நான் உள்ளே போய்ச் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினேன். அப்புறம் ஆடியில் நீ மறுபடி உண்டாகியிருக்கிறாய் என்று சொன்ன நாளில் போய்ப் பார்த்தேன், புல் பாத்தியில் பாதியைப் பிடித்திருந்தது. புல் தழைத்தால் பிள்ளையும் தங்கும் என்று எனக்கு அந்தக் கணக்கு அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது. அவள் பிடுங்கப் பிடுங்க, நான் அவள் இல்லாத நேரம் போய் வேர் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். இருக்கும். ஒரு பக்கம் நிம்மதியாக இருக்கும், இன்னொரு பக்கம் அந்த மல்லியைப் பார்க்க வெட்கமாக இருக்கும். ஒருத்தி வெடித்த விரலோடு பாடுபடுகிறாள், அது வீணாகப் போகட்டும் என்று இன்னொருத்தி வேண்டிக்கொள்கிறாள், அந்த இன்னொருத்தி உன் அம்மா.

இந்தச் செவ்வாய்க்கிழமை கிருத்திகா வந்து, நாளைக்குக் காலையில் அன்பு மாமா மருந்து அடிக்க வருகிறார் அப்பத்தா, அம்மா வரச் சொல்லிவிட்டாள் என்றாள். என்னிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய மரியாதையை நான்தான் போக்கிக்கொண்டேனே. உனக்கு இது ஐந்தாம் மாதம். பொழுதோடு, இருட்டுகிற நேரத்தில், யாரும் இல்லாதபோது மருந்து டேங்கின் குழாய் முனையில் இருக்கிற நாசிலைக் கழற்றிக் கொண்டுபோய்ப் புளிப் பானைக்குள் போட்டுவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் என் வீட்டிலேயே நான் திருடினேன் என்று உன்னிடம்தான் சொல்கிறேன். காலையில் அப்பா அதைத் தேடாத இடம் இல்லை, கோழிக் கூண்டுக்குள் தலையை விட்டுத் தேடினார்கள், எலி கொண்டுபோயிருக்கும் என்றார்கள். நான் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அன்பரசு, "நாசிலு காணோமுன்னு உரக்கடைக்காரன்கிட்டயே சொல்றீங்களே மாமா" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அரை மணியில் புதிது கொண்டுவந்து மாட்டிவிட்டான்.

அவன் டேங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. என்ன செய்கிறேன் என்று தெரிந்து செய்யவில்லை சாமி, போய் அந்தப் பாத்தி நடுவில் புல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அன்பரசு பயந்து இரண்டு எட்டு பின்னால் போய்விட்டான். அப்பா காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்து, "ஏ புள்ள, மயக்கமா, தலை சுத்துதா, எந்திரி, ஈரத்துல உக்காந்துட்டு" என்று கையைப் பிடித்தார்கள். நான் எழவில்லை. மைதிலி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், "தம்பி, டேங்க எறக்கி வெச்சுட்டு மாமாவோட முன்னால போயி காப்பி குடி" என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு, எதிரில் வந்து குந்தினாள். "சொல்லுங்க" என்றாள். இத்தனை நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. சொன்னேன். சொம்பிலிருந்து புளிப் பானை வரைக்கும் எல்லாம் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது, முந்தானையெல்லாம் மண், துடைத்த முகத்திலும் மண்.

அவள் உடனே ஒன்றும் இளகிவிடவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருந்தா எங்கூட்டு மண்ணு மேல பழியப் போட வேண்டியதில்லீங்களே அத்தை" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தப்புதான் கண்ணு என்ற ஒரு வார்த்தை, நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. நான் யாரிடமும் அப்படிச் சொல்லிப் பழகவில்லை என்று உனக்குத் தெரியும், அந்த இடத்தில் அது பெருமையாக இல்லை. அவள், "பிரியாவுக்கு எப்பங்க தேதி சொல்லியிருக்கறாங்க" என்று கேட்டாள். மாசி கடைசி என்றேன். விரல் விட்டு எண்ணினாள். "எனக்கு இதுல நம்பிக்கை இல்லீங்க அத்தை. ஆனா நான் மருந்து அடிச்சு, நாளைக்கு அங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க என்ற மூஞ்சியப் பாப்பீங்களா, இல்ல நான்தான் உங்க மூஞ்சியப் பாக்க முடியுமுங்களா. எனக்கு அந்தப் பாவம் வேண்டாமுங்க" என்றாள். எழுந்து போய்த் தம்பியிடம், "டேங்க எடுத்துட்டுப் போயி உன்ற கடலைக்காட்டுல அடிச்சுக்கோ, இங்க வேண்டாம்" என்றாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, அத்தைக்கு மருந்து வாசம் ஆகவில்லை என்று சொல்லி முடித்துவிட்டாள். அப்பாவிடமும் அதையேதான் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நேற்றுக் காலையில் எழுந்து பார்த்தால் பாத்தியில் ஒன்பது குழி. மல்லி ஒன்பதையும் மண் உருண்டையோடு பெயர்த்துச் சாக்கில் கட்டி, மயிலம்மாள் தோட்டத்தில் கிணற்றோரமாக இடம் கேட்டு, அவளே நட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் செய்யவில்லை, இங்கே இருந்தால் இரண்டும் சாகும் அத்தை, பெயர்க்க மழை ஈரம் நல்லது என்று முதல் நாள் ராத்திரியே சொல்லியிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், அந்தப் பக்கம் மயிலம்மாள், "ஏன் மைதிலி, அத்தாச்சோடு பெரிய தோட்டத்துல ஒம்பது செடிக்கு எடமில்லையா, இல்ல உங்கூட்டு மண்ணு அவிகளுக்கு ஆகலீங்கறதுக்காகத் தூக்கியாந்துட்டயா" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே கேட்கிறாள். மைதிலி, இங்கே வெயில் நன்றாக விழுகிறது அம்மாயி என்று மட்டும் சொன்னாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, மயிலா, நான் அன்றைக்குச் சொன்னது பொய், அந்தப் புல் என் புல் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். எருமை கன்று போட்டுவிட்டதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இனி பூப்பறிக்க அவள் அடுத்த வீட்டுத் தோட்டத்துக்குப் போக வேண்டும். அந்தப் பாத்தியில் இப்போது புல் மட்டும்தான் இருக்கிறது. நேற்றுப் பொழுதோடு மழை இல்லை, வெயில் சுள்ளென்று அடித்து ஓய்ந்திருந்தது. மைதிலி குழாயை இழுத்துக்கொண்டு வந்து அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விட்டாள். மூலை மூலையாக, சிந்தாமல், ஒரு செடியை வளர்க்கிற மாதிரி விட்டாள். கிருத்திகா, "ஏம்மா, களைக்குப் போயி தண்ணி உடற" என்று சிரித்தாள், அவள் "உங்க பிரியா அத்தை வர்ற வரைக்கும்" என்றாள். எந்தப் புல்லையும் நான் ஒரு கை பார்த்திருக்கிறேன் பிரியா, ஆனால் அவள் அப்படித் தண்ணீர் விடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. வேண்டாம் கண்ணு, நான் விடுகிறேன் என்று சொல்லவும் முடியவில்லை. அவள் கோபமாக விடுகிறாளா, மனதோடு விடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ எதையும் மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதே. உனக்கு ஒன்றும் ஆகாது, நன்றாகப் பெற்று எழுந்திருப்பாய். இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, காப்பியோடு போடாதே என்று நீயே சொன்னாய், போன வாரம் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மாத்திரை போட்டதை வீடியோவில் பார்த்தேன். படிக்கட்டில் ஈரக் காலோடு இறங்காதே. யாழினியிடம் வறுத்து அரைத்த பருப்புப் பொடியும், நாட்டுச் சர்க்கரையும், உன் மாமியார் கொடுத்தனுப்பிய எள்ளுருண்டையும் இருக்கிறது, அவர்கள் தை மாதம் அங்கே வருகிறபோது மற்றதைக் கொண்டுவருவார்கள், அவர்களை மரியாதையாக வைத்துக்கொள், பேச்சில் ஏதாவது வந்தால் உடனே பேசித் தீர்த்துவிடு, என்னை மாதிரி உள்ளே வைத்துக்கொண்டு இருக்காதே. மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம், மாமியார் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள்.

நீயும் உன் குழந்தையும் நூறு வருடம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், மாப்பிள்ளை தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிறவர் உங்கள் மூன்று பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வாதம் செய்கிறோம். அம்மா ஒன்று கேட்கிறேன், மறுக்காமல் செய். மாசியில் உனக்கு நல்லபடியாகப் பிறந்ததும், முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருப்பாய். எனக்கு வேண்டாம். முதலில் மைதிலியைக் கேட்டு, மைதிலியிடம் சொல்லச் சொல். போன் அவளுடையதுதான், ஆனாலும் அவளுக்கென்று கேட்டுச் சொல்ல வேண்டும். அவள் வந்து என்னிடம் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
சி. சென்னியம்மாள்.